மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொன்ன செடி

பாமா இருபத்து மூன்று வருடங்களாக செகந்திராபாத் மாரெட்பள்ளியில் வீடு வீடாகக் கீரை கொடுக்கிறார். மார்க்கெட்டில் கிடைக்கும் பாலக்கும் அரைக்கீரையும் அவரிடம் கிடையாது. முடக்கத்தான், கீழாநெல்லி, பொன்னாங்கண்ணி, சாரணை, தூதுவளை என்று யாரும் விதைக்காமல் தானாக முளைப்பதை மட்டும்தான் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வருவார். முடக்கத்தான் தோசை பழகிப்போன பிறகு என் கணவருக்கு வேறு தோசை இறங்குவதில்லை.

அவருடைய அப்பா அரக்கோணத்துக்காரர். லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை கிடைத்து இங்கே வந்தவர். பாமா பிறந்தது, வளர்ந்தது, பள்ளியைப் பாதியில் விட்டது எல்லாம் ரயில்வே குடியிருப்பில். கணவர் துரைராஜ் செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஹர்ஷிதா அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

கீரை எல்லாம் கண்டோன்மெண்ட்டுக்கு வடக்கே இருக்கும் பாபன்னகுண்டா என்ற ஏரியின் கரையிலிருந்து வந்தது. கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர் மண்கரை. எந்த இடத்தில் எது எப்போது தலைகாட்டும் என்று பாமாவுக்கு மனப்பாடம். முதல் மழை விழுந்து பத்தாம் நாள், ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டான கலங்கல் பக்கம் கீழாநெல்லி. தண்ணீர் வற்றும்போது ஓரமாகப் பொன்னாங்கண்ணி. கரையின் மேல்சரிவில் தும்பை. கிள்ளும்போதுகூட வேரோடு எதையும் பிடுங்கமாட்டார். அவரைப் பார்த்துத்தான் காலையில் நடக்க வருபவர்களில் பாதிப் பேர் அங்கே இருப்பது களை இல்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

பாமா தம்பி என்று சொல்லும் ஜெயராம் அவருக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அதே குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி இருந்தவன், பாமாவைவிட ஆறு வயது சின்னவன். அவனுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பாதி நாள் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. பாமாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஹர்ஷிதாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஜெயராம்தான் புதுவேட்டி கட்டி உட்கார்ந்தான். பிறகு அல்வால் பக்கம் நர்சரி வைத்து, பூங்காக்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் செடி நடும் ஒப்பந்தங்கள் எடுத்து, பெரிய ஆளானான். அப்போதும் பாமாவைப் பார்த்தால் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து பேசிவிட்டுத்தான் போவான்.

2021 ஜூனில் ஒரு நாள் ஒரு தொட்டியோடு பாமாவின் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, இது இன்னான்னு சொல்லு பாப்போம்."

தொட்டியில் படர்ந்து தொங்கிய கொடியில் சின்னச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூக்கள். பாமா குனிந்து பார்த்தார். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"பூவப் பாத்தா மஞ்சக் கரிசலாங்கண்ணி மாரி இருக்குது. ஆனா எலை வேறயா இருக்குதேடா. அது நீட்டா இருக்கும், தொட்டா சொரசொரன்னு இருக்கும். இது மூணு முனையா, மெழுகு தடவுனாப்ல வழுவழுங்குது."

"அதேதான்க்கா இது. புது ரகம். எலை பெருசா வர்ற மாரி பண்ணிக்கிறாங்க."

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றால் பாமாவுக்கு ஒரு ஏக்கம். அரக்கோணத்தில் அத்தை வீட்டுக் கிணற்றடியில் சின்ன வயதில் பார்த்தது. இந்தப் பக்கத்துக் காய்ந்த மண்ணில் அது வருவதில்லை. ஈரலுக்கு நல்லது என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அவரால் கொடுக்க முடிந்ததில்லை.

"நெஜமாவே அதானாடா?"

"கைக்குக்கா இவ்ளோ யோசிக்கிற? உங்கிட்ட வந்து நான் பொய் சொல்வனா?" இந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.

அதற்குமேல் பாமா கேட்கவில்லை. அன்றைக்கு அவன் வந்த காரணம் வேறு. பாபன்னகுண்டா கரையை அழகுபடுத்தும் வேலை அவனுக்கு வரும்போல இருந்தது. கரையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் புருஷோத்தமன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கரையைச் சுரண்டி வெளியூர்ச் செடி எதையாவது நட்டுவிடுவார்கள் என்று குழுவில் சிலர் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா. கரைய உன்ன மாரித் தெரிஞ்சவங்க யாரு இருக்குறாங்க? இது மூலிகைன்னு சொல்லிட்டா அவங்க அடங்கிடுவாங்க" என்றான் ஜெயராம்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பாமா தெலுங்கில் பேசினார். இது மருந்துச் செடி, இருக்கும் செடிகளோடு சேர்ந்து வளரும், மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னார். கடைசி இரண்டும் ஜெயராம் சொல்லிக்கொடுத்தவை. புருஷோத்தமன் எழுந்து, "பாமாவே சொன்ன பிறகு நமக்கு என்ன சந்தேகம்?" என்றார். கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக யாரோ கைதட்டியதாக என்னிடம் பிறகு சொன்னார். வெளியே வரும்போது ஜெயராம் ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளை நீட்டி, கூட்டத்துக்கு வந்ததற்குக் கையெழுத்து என்றான். பாமா தமிழும் தெலுங்கும் படிப்பார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான். கூட்டிப் படிக்க அந்த நேரத்தில் தோன்றவில்லை. போட்டார்.

ஜூலையில் நட்டார்கள். முதல் வரிசைத் தண்டுகளைப் பாமாவே ஊன்றினார். ஒரு சாண் துண்டை மண்ணில் செருகினால் போதும், ஐந்தாறு நாளில் கணுவுக்குக் கணு வேர் விட்டது. தன் வீட்டு வாசலிலும் இரண்டு தொட்டி வைத்தார். அதிலிருந்து வாரம் ஒரு கட்டு, கேட்டுக்கொண்டிருந்த ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தார். அந்த ஐந்தில் எங்கள் வீடும் ஒன்று. அப்போது என் கணவர் மஞ்சள் காமாலை வந்து தேறிக்கொண்டிருந்தார். நான் அதைப் பருப்போடு கடைந்து போட்டேன். கொஞ்சம் காரலாக இருக்கிறதே என்று அவர் சொன்னபோது, மருந்து அப்படித்தான் இருக்கும் என்றேன்.

தீபாவளிக்குள் கரை பச்சைக் கம்பளமாகி, மேலே மஞ்சள் பூ தெளித்தது போல இருந்தது. வந்து வந்து படம் எடுத்தார்கள். பாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடம் முதல் மழை பெய்த பத்தாம் நாள், வழக்கம்போலக் கூடையோடு கலங்கல் பக்கம் போனார். அங்கே ஒரு கீழாநெல்லிகூட இல்லை. கொடியைக் கையால் விலக்கிப் பார்த்தார். அடியில் தண்டுகள் பாய் பின்னியது போல ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கீழே வெளிச்சமே விழவில்லை. வெளிறிப்போன இரண்டு முளைகள் தலை தூக்க முடியாமல் மடங்கிக் கிடந்தன. மேல்சரிவில் தும்பை இல்லை. கொடி தண்ணீர் ஓரத்துக்கும் இறங்கிப் பொன்னாங்கண்ணியை மூடியிருந்தது.

ஜெயராமுக்கு ஃபோன் செய்தார்.

"மொத வருஷம் அப்படித்தான்க்கா ஓடும். அடுத்த மழைக்கு அடங்கிடும். நீ பயப்படாத."

பாமா நம்பினார். மழை சரியில்லை, யாரோ மருந்து அடித்திருப்பார்கள், தான் போன வருடம் கூடுதலாகக் கிள்ளிவிட்டோமோ என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். கீரைக்கு இரண்டு பஸ் மாறி வேறு ஏரிக்குப் போக ஆரம்பித்தார். செவ்வாய் வருவது நின்றது. வெள்ளி மட்டும் வந்தார், அதுவும் பாதிக் கூடை.

2023 ஆகஸ்டில் ஒரு காலை, கரையில் ஒரு பெண் நோட்டும் கையுமாக மெதுவாக நடப்பதும் நிற்பதுமாக இருந்தாள். பெயர் சாஹித்யா. ஒரு காலேஜில் தாவரவியல் விரிவுரையாளர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழ் புரியுமே தவிர வாயில் வருவது தெலுங்கு. பட்டாம்பூச்சி எண்ண வந்திருப்பதாகச் சொன்னாள். நாலு வருடம் முன்னால் இதே இருநூறு அடிக்குள் பதினேழு வகை எண்ணியிருக்கிறாள். அன்றைக்கு இரண்டு.

"பூ இவ்ளோ இருக்குதேம்மா. பூச்சி கைக்கு வரல?" என்று பாமா கேட்டார்.

பூவில் தேன் குடிக்க வரும், ஆனால் முட்டை வைக்க அதற்கென்று செடி வேண்டும், அந்தச் செடிகளை எல்லாம் இது மூடிவிட்டதே என்றாள் அவள். இது அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று கொண்டுவந்த கொடி. வெளியே விட்டால் ஈரம் இருக்கிற இடத்தை எல்லாம் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

"இல்லம்மா. இது மஞ்சக் கரிசலாங்கண்ணி. புது ரகம்."

சாஹித்யா தலையை ஆட்டினாள். "இதி அதி காது, ஆண்ட்டி." இது அது இல்லை. பூவைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் என்று சொல்லி, ஃபோனில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நீளமான, சொரசொரப்பான அத்தை வீட்டு இலை ஒரு பக்கம். மூன்று முனை இலை மறுபக்கம்.

பாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இங்கே நட்டவர்களுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்றார். தெரியாமல் இல்லை என்றாள் சாஹித்யா. நடுவதற்கு முன்னால், அந்த மே மாதமே, ஒப்பந்தக்காரர் செடியோடு காலேஜுக்கு வந்து உள்நாட்டு மூலிகை என்று ஒரு சான்று கேட்டிருக்கிறார். முடியாது, இதை ஏரிக்கரையில் நடவே கூடாது என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்து அனுப்பியது அவளேதான்.

மே மாதம் காலேஜ். ஜூன் மாதம் அக்கா வீடு.

பாமா கூடையை அங்கேயே வைத்துவிட்டு, துரைராஜை வரச்சொல்லி, அவருடைய ஆட்டோவில் அல்வால் நர்சரிக்குப் போனார். ஜெயராம் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் பாத்தி பாத்தியாக அதே கொடி.

"வாக்கா. டேய், அக்காவுக்கு ஒரு டீ."

"நக்கோ, வேணாம். காலேஜ்ல எழுதிக் குடுத்தாங்களா உனக்கு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். எந்தக் காலேஜ் என்று கேட்கவில்லை. "குடுத்தாங்க. அவங்க நூறு சொல்வாங்கக்கா. எனக்கு நட்ட உடனே பச்சையாவணும், தண்ணி ஊத்தாமப் பொழைக்கணும், மாடு வாய் வைக்கக்கூடாது. இத்த விட்டா வேற எது இருக்குது சொல்லு."

"அப்ப எங்கிட்ட அதத்தான சொல்லிருக்கணும். கைக்கு மஞ்சக் கரிசலாங்கண்ணின்ன?"

"நீ சொன்னாதான் அவங்க ஒத்துக்குவாங்க. அதான்."

"நான் அஞ்சு வூட்டுக்கு அத்தச் சாப்பிடக் குடுத்துக்கிறேன்டா. காமாலக்காரருக்குக் குடுத்துக்கிறேன்."

ஜெயராம் டம்ளரை மறுபடி கையில் எடுத்தான். பிறகு சொன்னான்: "நான் நடத்தான சொன்னேன். சாப்பிடச் சொல்லலியே."

துரைராஜ்தான் அவரைக் கையைப் பிடித்து ஆட்டோவுக்குக் கூட்டிவந்தார். வழியெல்லாம் பாமா அழவில்லை, திட்டவும் இல்லை. மெட்டுகூடா தாண்டும்போது மட்டும், "எலையத் தேச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் உட்டேன்" என்றார். துரைராஜ் "ஹவ்", ஆமாம், என்று மட்டும் சொன்னாராம். ஆறுதலுக்குக்கூட இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

மறுநாள் ஐந்து வீட்டுக்கும் போனார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. கூடை இல்லாமல் வந்ததால் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"அம்மா, நான் குடுத்தது மஞ்சக் கரிசலாங்கண்ணி இல்ல. அழகுக்கு வைக்கிற செடி. எனக்கே இப்பதான் தெரியும். சாருக்கு ரத்தம் கித்தம் பாத்துருங்க" என்றார்.

நான் அப்போது பேசியதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. கீரை விற்கிறவளுக்குக் கீரை தெரியாதா என்றேன். ஒரு உயிரோடு விளையாடியிருக்கிறாய் என்றேன். அவர் ஜெயராமின் பெயரைச் சொல்லவில்லை. நின்று கேட்டுக்கொண்டார், சரிம்மா என்று போய்விட்டார். என் கணவரின் பரிசோதனையில் ஒன்றும் தவறாக இல்லை. ஆனாலும் மூன்று மாதம் அவருக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டு வீடுகள் இன்றுவரை திறக்கவில்லை.

குழுவிடமும் போனார். கூட்டம் போடச் சொல்லி, அதே சமுதாயக் கூடத்தில் நின்று, நான் சொன்னது தப்பு என்றார். புருஷோத்தமன் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து வாசித்தார். இருபது வருட அனுபவமுள்ள மூலிகை அறிஞர் திருமதி பாமா இந்தச் செடியை ஆராய்ந்து, உள்நாட்டு மருந்துச் செடி என்று உறுதி அளிக்கிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தமிழில் அவருடைய கையெழுத்து. வருகைப் பதிவு என்று சொல்லி ஜெயராம் வாங்கிய தாள் அதுதான்.

"இதை வெச்சுத்தானே நாங்க சம்மதிச்சோம்? இப்ப வந்து இல்லன்னா எப்படிம்மா?" என்றார் புருஷோத்தமன். ஒப்பந்தக்காரரிடம் இவருக்கும் ஏதாவது பங்கு இருந்திருக்கும் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது பாமாவின் காதிலும் விழுந்தது. ஜெயராம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நிபுணர் சொன்ன செடியைத்தான் நட்டேன் என்று ஒரு கடிதம் அனுப்பியிருந்தான்.

சாஹித்யா எழுந்து தன் காலேஜ் கடிதத்தின் நகலைக் காட்டிய பிறகுதான் கூடம் அமைதியானது. கடைசியில் கலங்கலை ஒட்டி நூறு அடியைப் பாமாவிடம் விட்டார்கள். பிடுங்கிப் பார்க்கட்டும், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்று முடிவானது.

அந்த நூறு அடிதான் அவரைப் பெரும்பாடு படுத்தியது. செப்டம்பரில் பிடுங்கிப் பிடுங்கிக் கரையின் வெளிப்பக்கம் குவித்தார். மழை பெய்தது. குவித்த குவியலே வேர்விட்டு, தண்ணீர் ஓடும் கால்வாய் வழியாக இறங்க ஆரம்பித்தது. இல்லாத இடத்திலும் தன் கையாலேயே நட்டுவிட்டோமே என்று அன்றைக்குத்தான் கரையில் உட்கார்ந்து அழுதார். சாஹித்யாதான் பக்கத்தில் இருந்தாள். பிறகு இருவரும் யோசித்து, பிடுங்கியதை எல்லாம் சாக்கில் அடைத்து, துரைராஜின் ஆட்டோவில் ஏற்றி, அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த மொட்டைப் பாறைமேல் கொட்டினார்கள். மார்ச் முதல் மே வரை அந்தப் பாறை என்ன சூடு சுடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். எதுவும் பிழைக்கவில்லை. மண்ணுக்குள் ஒளிந்திருந்த கணுக்களை மட்டும் வாரம் தவறாமல் போய்த் தோண்டி எடுத்தார்.

2024 ஜூன் மழைக்கு அந்த வெறும் மண்ணில் முதலில் வந்தது பார்த்தீனியம். அதுவும் வெளியிலிருந்து வந்து நாடு முழுக்கப் பரவிய களைதான். பாமா சிரித்துவிட்டார். கையில் துணி சுற்றிக்கொண்டு அதையும் பூக்கும் முன்னால் பிடுங்கினார். அதன் பிறகு, ஜூலைக் கடைசியில், கீழாநெல்லி வந்தது. எண்ணி முப்பது நாற்பது இருக்கும். ஒன்றைக்கூடக் கிள்ளாமல் விதைக்கு விட்டார். தும்பை தானாக வரவில்லை. தான் கீரைக்குப் போகும் ஏரியிலிருந்து விதை கொண்டுவந்து தூவினார், பாதி முளைத்தது. சாஹித்யா அந்த நூறு அடியில் ஆறு வகைப் பட்டாம்பூச்சி எண்ணினாள். மீதிக் கரை இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. புருஷோத்தமன் நல்ல மனிதர், ஆனால் படத்தில் பச்சையாகத் தெரிகிற கரையைப் பிடுங்கி வெறும் மண்ணாக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஆகஸ்டில் ராக்கி நாளன்று ஜெயராம் வீட்டுக்கு வந்தான். நம் ஊர்ப் பழக்கம் இல்லை என்றாலும் இங்கே வளர்ந்தவர்கள் எல்லோரும் கட்டுவார்கள். பாமாவும் பதினைந்து வருடமாக அவனுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். முந்தின வருடம் அவன் வரவில்லை. இந்த முறை ஸ்வீட் பெட்டியோடு வந்து, எதுவும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினான்.

"கட்டுக்கா. பழசெல்லாம் வுடு."

அவனுக்கு வேறொரு ஏரியில் வேலை கிடைத்திருப்பது பாமாவுக்குத் தெரியும். அதே கொடியைத்தான் நடப்போகிறான் என்பதும் தெரியும்.

"அங்க இன்னா நடப்போற?" என்று கேட்டார்.

"அத விடுக்கா இப்ப."

"எதன்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. பாமா உள்ளே போய்த் தட்டு வைத்து, சோறும் சாம்பாரும் போட்டார். அவன் சாப்பிட்டான். அவனுக்குப் பிடிக்கும் என்று அப்பளமும் பொரித்துப் போட்டார். நீட்டிய கையில் ராக்கி கட்டவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு அவன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான், பிறகு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வாரம் பாமா அவனுக்கு வேலை கிடைத்த அந்த ஏரியின் குழுவைத் தேடிப் போய், பாபன்னகுண்டாவுக்கு வந்து பார்க்கச் சொன்னார். நாலு பேர் வந்து பார்த்தார்கள். கொடி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தை ஜெயராமிடமிருந்து எடுக்கவில்லை. வேறு ஏதோ புல் நடுகிறான். அது எங்கிருந்து வந்த புல் என்று சாஹித்யா விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை பாமா எங்களுக்கு முடக்கத்தானும் சாரணையும் கொண்டுவந்தார். நான் எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். "இருங்கம்மா" என்றார். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றையும் இலையாக என் உள்ளங்கையில் வைத்து, "தேச்சுப் பாருங்க. மோந்து பாருங்க. நான் சொல்றேன்னு வாங்காதீங்க" என்றார்.

இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறாராம். ஒரு வீட்டுக்குக் கால்மணி நேரம் ஆகிறது. முன்பு முப்பது வீடு முடிக்கிற நேரத்தில் இப்போது பன்னிரண்டுதான் முடிகிறது.